மேடையிலே மாறும் பாட்டு
அமெரிக்க றொக் இசைஞர் பொப் டிலனின் பாடல்களிற் பல்லாண்டு தோய்ந்தவன் யான். இசைத்தட்டிற் கேட்டவாறு அவர் மேடையிற் பாடுவதில்லை, மெட்டும் நடையும் மாறிவிடுகின்றன என அன்பர் பலர் குறை கூறுவர். மாறுவது உண்மையே, அது குறையன்று. 1965ஆம் ஆண்டு நியூபோட் நாட்டார் இசை விழாவில் அவர் மின்கித்தார் ஏந்தியபோதும் அவையோரிற் சிலர் கூச்சலிட்டனர். அதற்கஞ்சிப் பழைய நெறியிலேயே நின்றிருப்பின், பின்வந்த அரும்பாடல்கள் பல எமக்குக் கிடைத்திரா. 2016இல் இலக்கியத்துக்கான நோபெல் பரிசு பெற்ற அவர், எண்பது வயது கடந்த பின்னரும் ஊரூராகச் சென்று பாடினார். இசைத்தட்டு அன்றைய குரலைக் காக்கும். மேடையோ இன்றைய மனிதனைக் காட்டும். எமது இளமையை மீட்டுத் தருமாறு பாடகனை வற்புறுத்தல் அன்பாகாது. அவனுடைய முதுமைக் குரலுக்கும் செவிகொடுத்தலே மெய்யான இரசிகனின் கடன்.