குசினியில் உருகும் காரீயம்

தூண்டிலிலும் வலையிலும் கட்டும் ஈயக்குண்டுகளை வீட்டிலேயே வார்த்துக்கொள்வதைச் சிக்கனம் என்று சிலர் போற்றுகின்றனர். கைத்திறன் என்றும் முன்னோர் காட்டிய வழி என்றும் போற்றுவோரும் உளர். இவர்கள் எவரோடும் எனக்கு உடன்பாடில்லை. ஒரு குடும்பம் உண்டு உறங்கும் வளவுக்குள் காரீயம் உருக்கும் பழக்கம் நிறுத்தப்படவேண்டும் என்பது எனது நிலைப்பாடு. இதனைப் படித்துக் கரையோர நண்பர்கள் சிலர் மனம் கோணக்கூடும். ரொறன்ரோ நண்பர்கள் கோணுவார்களோ சிரிப்பார்களோ தெரியாது. இரு சாராருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் ரொறன்ரோ. கோடை பிறந்தால் தூண்டிலோடு சிம்கோ ஏரிக்கரைக்குச் செல்லும் எம்மவர் அங்கு பலர். முள்ளின் கழுத்தில் ஈயத்தலை பொருத்திய ஒருவகைத் தூண்டிலை வட அமெரிக்கர் ‘ஜிக்’ என்பர். அலுமினிய அச்சின் குழிக்குள் முள்ளை வைத்து மூடி, மின்பானையில் உருகிய ஈயத்தைத் துளைவழியே ஊற்றி, ஆறியதும் திறந்தால் தலைகள் வரிசையாகக் கிடைக்கும். நிலக்கீழ் அறையிலோ வாகனக் கொட்டிலிலோ இதனைச் செய்வது அந்நாட்டு மீன்பிடிப் பிரியர்களின் நெடுநாளைய பொழுதுபோக்கு. எம்மவரும் கற்றுக்கொண்டுவிட்டனர். வாகனச் சில்லுகளின் சமநிலைக்குப் பொருத்தும் பழைய ஈயத்துண்டுகளே பெரும்பாலும் மூலப்பொருள்.

இனி எமது கரை. செய்தி சேகரிக்கச் சென்ற காலங்களில் கடற்றொழிற் கிராமங்களில் பலமுறை கண்ட காட்சி இது: கோடிப்புறத்தில் மூன்று கல், அதன்மேல் கறல் பிடித்த தாச்சி, அதற்குள் உடைத்த பற்றரித் தகடுகளும் கிழிந்த வலைகளில் இருந்து கழற்றிய பழைய குண்டுகளும். உருகியதும் அகப்பையால் அள்ளிக் குழிகளில் ஊற்றுவார்கள். வீச்சுவலையின் விளிம்புக்கு மணிகள், மற்ற வலைகளின் அடிக்கயிற்றுக்குத் துண்டுகள். சுற்றிவரச் சிறுவர்கள் குந்தியிருந்து, ஆறிய மணிகளைப் பொறுக்கிப் பேணிக்குள் போடுவார்கள். சில நாட்களின் பின் அதே தாச்சியில் கடலை வறுபடுவதையும் கண்டிருக்கிறேன்.

இதில் எமது மொழிக்கும் ஒரு பங்குண்டு. தமிழில் ‘ஈயம்’ என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு உலோகங்கள் குடியிருக்கின்றன. வெள்ளீயம் ஒன்று, காரீயம் மற்றொன்று. தமிழகத்து வீடுகளில் இரசம் வைக்கும் ஈயச்சொம்பும், பித்தளைப் பாத்திரத்தின் உட்புறம் பூசும் ஈயமும் வெள்ளீயம்; 232 பாகை செல்சியசில் உருகுவது. வலையில் தொங்குவது காரீயம். 327 பாகையில் உருகும் நஞ்சு. “ஈயச்சொம்பில் இரசம் குடித்து வளர்ந்தவர்கள்தானே நாம்” என்று படித்தவர் ஒருவரே என்னிடம் வாதிட்டார். சொல் ஒன்றாயிருப்பதால் பொருளும் ஒன்றென்று எண்ணிவிட்டார். குறைந்தபட்சம் பத்திரிகைக்காரர்களாவது ‘ஈயம்’ என்று மொட்டையாக எழுதாமல் காரீயம் என்று எழுதப் பழகவேண்டும்.

காரீயத்தின் ஆபத்து அதன் எளிமையில் இருக்கிறது. இரும்பை உருக்க உலை வேண்டும். காரீயத்துக்கு விறகடுப்பே போதும். எனவேதான் அது பட்டறையை விட்டு வீட்டுக்குள் வந்தது.

உருக்குபவர்கள் அஞ்சுவது புகைக்கு. காற்றோட்டமான இடத்தில் செய்கிறோம், முகத்துக்குத் துணி கட்டுகிறோம் என்பார்கள். கண்ணுக்குத் தெரியும் புகையில் பெரும்பகுதி பழைய உலோகத்தில் ஒட்டியிருக்கும் எண்ணெயும் அழுக்கும் எரிவதால் வருவது. காரீயம் கொதிப்பது 1749 பாகையில். உருகும் நிலையில் அது ஆவியாவது சொற்பமே. (சுமார் 500 பாகையைத் தாண்டினால் கதை வேறு. விறகடுப்பில் வெப்பமானி வைத்திருப்பவர் யார்?) உண்மையான எதிரி, உருகிய உலோகத்தின்மேல் ஆடைபோலப் படியும் சாம்பல்நிறக் கசடு. அதனை வழித்து அருகில் கொட்டுகிறார்கள். காய்ந்ததும் அது மாவாகிறது. உடுப்பிலும் தலைமயிரிலும் காலடியிலும் ஏறி வீட்டுக்குள் வருகிறது. தும்புத்தடியால் கூட்டினால் எழும்பி மீண்டும் பாயில் படிகிறது. தவழும் பிள்ளை அந்தக் கையை வாயில் வைக்கிறது. முகத்துக்குக் கட்டிய துணி தகப்பனுக்கு. பிள்ளைக்கு என்ன கட்டினோம்?

உட்கொள்ளும் காரீயத்தை வளர்ந்தவர்களைவிட நான்கு, ஐந்து மடங்கு அதிகமாகச் சிறு பிள்ளைகளின் உடல் ஈர்த்துக்கொள்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கல்சியம் என்று ஏமாந்து உடல் அதனை எலும்பில் சேர்த்துவைக்கிறது. இரத்தத்தில் இருந்து சில வாரங்களில் குறைந்தாலும் எலும்பில் பல பத்தாண்டுகள் தங்கும். பெண் கருவுற்றதும் எலும்பில் இருந்து புறப்பட்டுச் சிசுவை அடையும். சிறுமியாக மணி பொறுக்கியவளின் காரீயம், அவள் தாயாகும்போது வெளியே வருகிறது.

இவை ஏட்டுக் கணக்கென்று எண்ணுவோர் செனகல் நாட்டுத் தலைநகர் டாக்காரின் புறநகரான தியாரோய்-சுர்-மேர் என்ற ஊரின் கதையைக் கேட்கவேண்டும். பெயரிலேயே கடலைக் கொண்டுள்ள மீன்பிடி ஊர். அங்குள்ள கொல்லர்கள் வாகனப் பற்றரிகளை உடைத்துக் காரீயம் எடுத்து வலைக்குண்டு வார்த்துவந்தார்கள். ஆண்டாண்டாகச் செய்தார்கள், “ஒன்றும் நடக்கவில்லை”. கசடும் தகட்டுத் துகளும் மணலில் கலந்துகொண்டே இருந்தன. பின்னர் உலகச் சந்தையில் காரீயத்தின் விலை ஏறியது. அந்த மணலையே காசு கொடுத்து வாங்க வியாபாரி வந்தார். பெண்கள் மணலை அள்ளி வீட்டு முற்றத்தில் சலித்தார்கள். முதுகில் கட்டியிருந்த குழந்தைகள் அந்தத் தூசியைச் சுவாசித்தன. 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 பிள்ளைகள் இறந்தார்கள். வலிப்புக் கண்டு இறந்த பிள்ளைகளுக்கு என்ன நோயென்று முதலில் எவருக்கும் விளங்கவில்லை. பின்னர் அப்பகுதியில் பரிசோதிக்கப்பட்ட 81 பேரில் ஒருவர்கூடத் தப்பவில்லை. அனைவரின் உடலிலும் காரீய நஞ்சு இருந்தது.

அந்த ஊரின் மணலுக்குள் இருந்தது பல ஆண்டு வலைக்குண்டுகளின் மிச்சம். எமது கோடிப்புறங்களின் மணலை யாராவது அளந்து பார்த்தார்களா?

“எனது பாட்டன் செய்தார், அப்பா செய்தார், எவரும் சாகவில்லை” என்ற வாதத்துக்கு இனி வருகிறேன். சாவு இந்த நஞ்சின் கடைசி அத்தியாயம். அதற்கு முந்தியவை வெளியே தெரியாதவை. படிப்பில் மந்தமான பிள்ளை, ஓரிடத்தில் இருக்க மாட்டாத பிள்ளை, இரத்தச்சோகை, பெரியவர்களுக்கு உயர் இரத்த அழுத்தம், சிறுநீரக நோய். ‘கடற்கரைப் பொடியனுக்குப் படிப்பு ஏறாது’ என்று வாத்தியார்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். சாதித் திமிரோடு சொல்லப்பட்ட அந்தச் சொல்லுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அப்பிள்ளைகளுள் சிலரின் இரத்தத்தில் என்ன இருந்தது என்று எவரும் பார்த்ததில்லை என்பதும் உண்மை. தென்னாபிரிக்காவில் பார்த்தார்கள். அங்குள்ள மீன்பிடிக் கிராமங்களின் பாடசாலைச் சிறுவர் பற்றி 2013 இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ நான்கில் மூவரின் இரத்தத்தில் ஒரு டெசிலீற்றருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ காரீயம் காணப்பட்டது. அந்த அளவில் மூலத்தைத் தேடிக் கண்டுபிடித்து அகற்றவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 ஆம் ஆண்டு வழிகாட்டல். பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்பதும் அதே நிறுவனத்தின் கூற்று.

இலங்கை 2002 இல் காரீயம் கலந்த பெற்றோலை நிறுத்தியது. வர்ணப்பூச்சில் அதன் அளவுக்கு வரம்பு விதித்தது. நல்ல காரியங்கள். ஆயினும் பெற்றோலும் பூச்சும் நகரத்தாரின் கண்ணில் படுபவை. கோடிப்புறத்துத் தாச்சி அமைச்சர் எவர் கண்ணிலும் படுவதில்லை. வலை ஈயத்தைப் பற்றி மேடையில் ஒரு வார்த்தை பேசிய அரசியல்வாதியை, எமது தரப்பிலும் சரி தெற்கிலும் சரி, நான் கண்டதில்லை.

பிரித்தானியாவில் 1987 முதல் சிறிய காரீயத் தூண்டிற்குண்டுகளின் விற்பனை தடைசெய்யப்பட்டது. காரணம் அன்னப்பறவைகள். ஆற்றடியில் கிடந்த குண்டுகளைக் கல்லென்று விழுங்கி அவை மடிந்தன. அமெரிக்காவின் நியூ ஹாம்சயரில் லூன் என்னும் நீர்ப்பறவைக்காக ஓர் அவுன்சுக்கு உட்பட்ட காரீயக் குண்டுகளும் ஜிக்குகளும் தடைசெய்யப்பட்டன. பறவைகளுக்காகப் பேசியவர்களை நான் வணங்குகிறேன். மணி பொறுக்கும் எமது சிறுமிக்காகப் பேச அவ்வளவு பேர் இல்லையே என்பதுதான் மனத்தை உறுத்துகிறது.

கடற்றொழிலாளரிடம் “நிறுத்து” என்று சொல்லிவிட்டுப் போவது அயோக்கியத்தனம் என்பதையும் சொல்லவேண்டும். எரிபொருள் விலையும் அத்துமீறும் இழுவைப்படகுகளும் அவர்களை வதைக்கும் நிலையில், கடையில் ஆயத்தக் குண்டு வாங்கு என்று புத்தி சொல்ல எனக்கு உரிமையில்லை. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் ஊர்தோறும் இருக்கின்றன. குடிமனைக்கு அப்பால் சீமெந்துத் தளமிட்ட கொட்டில் ஒன்று, வெப்பம் காட்டும் பானை ஒன்று, நல்ல அச்சுகள் சில, பழைய குண்டைக் கொடுத்தால் வார்த்த குண்டைத் தரும் ஒழுங்கு, உடுப்பு மாற்றிக் கைகால் கழுவ ஒரு குழாய். இதற்கு வெளிநாட்டு நிபுணர் தேவையில்லை. பற்றரி உடைப்பதை மட்டும் அங்கும் அனுமதிக்கக்கூடாது. தகட்டில் அப்பியிருக்கும் பசையும் அமிலமும் மிகக் கொடியவை. நிலத்தோடு கிடக்கும் வலைகள் சிலவற்றுக்குச் சுட்ட களிமண் குண்டும் சீமெந்துக் குண்டும் போதும். காரீயத்துக்கு முன்பும் எமது கடலில் வலை வீசினார்கள்.

புலம்பெயர் ஊர்ச்சங்கங்கள் கோயிற் கோபுரத்துக்கு அனுப்பும் பணத்தில் ஒரு துளி இந்தக் கொட்டில்களுக்கு வரட்டும்.

கனடாவில் பொழுதுபோக்குக்காக வார்ப்பவர்களிடம் எனக்கு அந்த இரக்கம் இல்லை. ஊர்க்காரனின் தாச்சியைப் பார்த்து “அறியாமை” என்று தலையாட்டிவிட்டு, தமது நிலக்கீழ் அறையில் பிள்ளையின் சைக்கிளுக்கு அருகில் மின்பானையைக் கொதிக்க விடுகிறார்கள். ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை! அவர்களுக்கு வயிற்றுப்பாடும் இல்லை, மாற்று வழியும் இருக்கிறது. பிஸ்மத்தும் வெள்ளீயமும் உரிய விகிதத்தில் கலந்த உலோகம் 138 பாகையிலேயே உருகும். பாரம் சற்றுக் குறைவு, விலை பல மடங்கு அதிகம். ஆயினும் அதே அலுமினிய அச்சில் வார்க்கலாம். ஒரு கோடைக்கு வேண்டியது ஐம்பது, அறுபது தலைகள். அந்தச் செலவைத் தாங்காத வீடு அங்கு எத்தனை?

ஏற்கனவே காரீயம் வார்த்துவந்த வீட்டுக்காரர், கனடாவோ கரையோரமோ, உடனே செய்யக்கூடியவை சில உண்டு. அந்தப் பானையும் அகப்பையும் இனிச் சமையலுக்குத் திரும்பக்கூடாது. வார்த்த இடத்தைக் காய்ந்த தும்புத்தடியால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைக்கவேண்டும். குண்டுகளைப் பல்லால் கடித்து நூலில் இறுக்கும் பழக்கத்தை இன்றே விடவேண்டும். வீட்டில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளையோ கருவுற்ற பெண்ணோ இருந்தால் வைத்தியரிடம் விடயத்தை மறைக்காமல் சொல்லி, இரத்தத்தில் காரீய அளவைப் பார்க்குமாறு கேட்கவேண்டும். கேட்காவிட்டால் வைத்தியருக்கு அது நினைவுக்கு வராது. தியாரோயிலும் முதலில் வரவில்லை.