கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போறீங்களா? முதல்ல மெமரியைப் பாருங்க

தஞ்சாவூர் பக்கம் சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்துல நெல்லு போட்ட காசு கைக்கு வந்ததும் பிள்ளைக்கு கம்ப்யூட்டர் வாங்குற வீடுகள் நிறைய. "பையன் ஏஐ படிக்கிறான் சார், கிராபிக்ஸ் கார்டு வேணுங்கிறான். எது நல்லது?"னு என்கிட்டயே கேக்குறாங்க. டாக்டருக்கு இதுல என்ன வேலைன்னு நினைக்காதீங்க, நானும் கேம் ஆடுறவன்தான். அதான் இந்த த்ரெட்.

"நல்ல பவரா ஒரு மாத்திரை எழுதுங்க"ன்னு ஓபில கேப்பாங்க. எந்த நோய்க்குன்னு தெரியாம பவருக்கு அர்த்தமே இல்லை. கார்டும் அப்படித்தான்.

ஏஐ படிக்கிற பிள்ளைக்கு முக்கியம் விராம். அதாவது கார்டுக்குள்ளேயே இருக்கிற மெமரி. 700 கோடி பாராமீட்டர் உள்ள ஒரு மாடலை, ஒவ்வொன்றுக்கும் 2 பைட் வீதம் ஏத்தினா 14 ஜிபி வேணும். 4 பிட்டா சுருக்கினாலும் 3.5 ஜிபி. வேலை செய்ய இடம் தனி. 4 ஜிபி கார்டு அங்கேயே மூச்சு முட்டும். வேகம் குறைஞ்சா காத்திருக்கலாம், மெமரி பத்தலைன்னா பாதி வேலை ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது.

அதனால 2023ல வந்த ஆர்டிஎக்ஸ் 4060 (8 ஜிபி), 2021ல வந்த 3060 (12 ஜிபி) ரெண்டும் எதிர்ல இருந்தா, இந்தப் பிள்ளைக்கு நான் பழசைத்தான் சொல்வேன். கடைக்காரர் சிரிப்பார், பரவாயில்லை. கேமுக்கு மட்டும்னா 4060தான் சரி. வேகமும் கூட, கரண்டும் 170 வாட்டுக்குப் பதிலா 115 வாட்தான்.

கவனம்: 3060 பேர்லயே 8 ஜிபி கார்டும் இருக்கு. அதுல மெமரிக்குப் போற பாதையும் 192 பிட்லேருந்து 128 பிட்டா குறுகிடுச்சு. பேர் ஒண்ணு, சரக்கு வேற. பில்லுல "12 ஜிபி"ன்னு எழுதி வாங்குங்க.

கேம் ஆடுறவங்க உங்க மானிட்டரையும் பாருங்க. 60 ஹெர்ட்ஸ் மானிட்டர்ல கார்டு நொடிக்கு 120 பிரேம் தள்ளினாலும் திரை மாறுறது 60 தடவைதான்.

அடுத்தது எஸ்எம்பிஎஸ். மேல சொன்ன ரெண்டு கார்டுக்கும் என்விடியா சொல்றது 550 வாட். கேபினெட்டோட இலவசமா வர்ற பேர் தெரியாத டப்பாவை நம்பாதீங்க. ஐப்பசி மழைல டெல்டாவுல கரண்ட் எப்படிப் போய் எப்படி வரும்னு உங்களுக்கே தெரியும். கார்டுல ஒரு படி இறங்கினாலும் பரவாயில்லை, நல்ல எஸ்எம்பிஎஸ்சும் யுபிஎஸ்சும் வாங்குங்க.

செகண்ட் ஹேண்டா? 2022 செப்டம்பர்ல எத்தீரியம் மைனிங் நின்னதும் ராப்பகலா ஓடின கார்டுகள் மார்க்கெட்டுக்கு வந்துச்சு. வாரண்டி பாக்கி இல்லைன்னா நான் தொட மாட்டேன்.

நகையை அடகு வெச்சு வாங்கலாமான்னு யோசிக்கிற வீட்டுக்கு மட்டும் ஒண்ணு. கூகுள் கோலாப்னு இருக்கு. நேரக் கட்டுப்பாடு உண்டு, ஆனா பெரும்பாலும் 16 ஜிபி டி4 கார்டு இலவசமாவே கிடைக்கும். சாதா லேப்டாப், நெட் போதும். ஒரு செமஸ்டர் அதுல ஓட்டட்டும், நகை பீரோவுலயே இருக்கட்டும்.