இந்த மண் முன்பு என்னவாக இருந்தது?



எங்கள் பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு வெற்று நிலம் இருக்கிறது. அங்கே கீரையும் வெண்டையும் பயிரிட்டு மாணவர்களுக்கு வேளாண்மையை அறிமுகப்படுத்தலாம் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் முடிவாயிற்று. நல்ல எண்ணம்தான். ஆனால், “இந்த நிலத்தில் முன்பு என்ன இருந்தது?” என்று நான் கேட்டபோது சிலர் முகம் சுளித்தனர். புல் இவ்வளவு செழிப்பாக வளரும் மண்ணில் என்ன குறை இருக்கப் போகிறது என்பது அவர்களின் வாதம். பின்னர், பக்கத்துக் கம்பத்தில் நெடுங்காலமாக வாழும் முதியவர் ஒருவர் விவரம் சொன்னார். அங்கே பழைய கார் பேட்டரிகளை உடைக்கும் பட்டறை ஒன்று இருந்ததாம். மீந்த அமிலத்தைக் கொல்லைப்புறத்தில்தான் கொட்டுவார்களாம்.

கார் பேட்டரித் தகடுகள் காரீயத்தால் ஆனவை. காரீயம் மட்கிப் போகாது. மேல்மண்ணிலேயே பல்லாண்டு தங்கிவிடும். அதன் மேல் புல்லும் வளரும். மண்ணில் விளையாடிய கையை வாயில் வைக்கும் பிள்ளைக்குத்தான் ஆபத்து. காரீயம் வளரும் மூளையைப் பாதிக்கும். அதற்குத் தீங்கற்ற அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

பழைய தொழிற்கூடம் இருந்த நிலத்தை எப்படி ஆராய்கிறார்கள்? முதல் கட்டத்தில் மண்வெட்டிக்கே வேலையில்லை. பழைய வரைபடங்கள், உரிமப் பதிவுகள், அங்கு வேலை செய்தவர்களின் நினைவுகள் ஆகியவற்றைத் திரட்டுகிறார்கள். எந்தப் பொருள் எங்கே வைக்கப்பட்டது, எங்கே கொட்டப்பட்டது என்று தெரிந்தால்தான் எங்கே தோண்டுவது, எதைத் தேடுவது என்று தெரியும். ஆய்வகம் கேட்டதைத்தான் அளந்து சொல்லும். காரீயத்தைத் தேடச் சொல்லாவிட்டால், காரீயம் பற்றிய எண் அறிக்கையில் இராது.

இரண்டாம் கட்டத்தில் பல இடங்களில், பல ஆழங்களில் துளையிட்டு மண்ணையும் நிலத்தடி நீரையும் எடுக்கிறார்கள். இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஒன்பது நல்ல இடங்களின் மண்ணோடு ஒரு கெட்ட இடத்தின் மண்ணைக் கலந்து சோதித்தால், சராசரி அழகாகத்தான் வரும். ஆனால் பிள்ளை சராசரியில் விளையாடுவதில்லை. ஏதோ ஓர் இடத்தில்தான் உட்கார்ந்து விளையாடுகிறது.

நம் நாட்டிலும் இதற்கு வழிமுறை இருக்கிறது. சுற்றுச்சூழல் துறை 2009-இல் மாசடைந்த நிலங்களுக்கான மூன்று வழிகாட்டிகளை வெளியிட்டது. அவற்றில் குடியிருப்புக்கு ஓர் அளவும் தொழிலுக்கு வேறோர் அளவும் உண்டு. ஆகவே, ‘சோதித்தாகிவிட்டது’ என்ற பதிலோடு நாம் நின்றுவிடக் கூடாது. தொழிற்சாலைக்குப் போதுமான தூய்மை பாலர் பள்ளிக்குப் போதாது.

கேட்கத் தவறினால் என்ன ஆகும் என்பதற்குப் பேராக் மாநிலமே சான்று. ஈப்போவுக்கு அருகே புக்கிட் மேராவில் ஏசியன் ரேர் எர்த் ஆலை 1982-இல் இயங்கத் தொடங்கியது. ஈயச் சுரங்கக் கழிவு மணலில் கிடைக்கும் மோனசைட்டிலிருந்து அரிய மண் தனிமங்களைப் பிரித்தெடுத்த ஆலை அது. மிஞ்சியதோ தோரியம் கலந்த கதிரியக்கக் கழிவு. தோரியத்தின் அரை ஆயுள் சுமார் 1,400 கோடி ஆண்டுகள்.

அங்கே அளவீட்டை நாடிப் போராடியவர்கள் ஊர் மக்களே. 1984-இல் ஜப்பானியப் பேராசிரியர் சடாவோ இச்சிகாவா வந்து ஆலையைச் சுற்றிக் கதிர்வீச்சை அளந்தார். அது அனுமதிக்கப்பட்ட அளவை மீறியிருந்தது. 1985-இல் மக்கள் வழக்குத் தொடுத்தனர். 1992-இல் ஈப்போ உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1993-இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. ஆயினும் 1994-இல் ஆலை மூடப்பட்டது. அதோடு முடிந்ததா? கட்டடங்களை இடித்து, அடியில் இருந்த மண்ணையும் பாறை வரை அகழ்ந்து அகற்ற வேண்டியதாயிற்று. அகற்றியவை ஏறத்தாழ 11,000 லாரிச் சுமைகள் என 2011-இல் செய்தி வெளிவந்தது. முன்கூட்டியே கேட்டிருந்தால் ஒரு கேள்வியோடு முடிந்திருக்கும் செலவு அது!

எனவே, பள்ளித் தோட்டமோ விளையாட்டுத் திடலோ புதிய குடியிருப்போ, எதுவாயினும் பெற்றோர் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

1. இந்த நிலம் முன்பு எதற்குப் பயன்பட்டது?
2. எந்த இடங்களில், எவ்வளவு ஆழத்தில், எந்தப் பொருள்களுக்காகச் சோதித்தீர்கள்?
3. எந்தப் பயன்பாட்டுக்கான அளவோடு ஒப்பிட்டீர்கள்?

மூன்றுக்கும் எழுத்து மூலம் பதில் வேண்டும். அதுவும் சாதாரணப் பெற்றோருக்குப் புரியும் மொழியில் வேண்டும். இதைக் கேட்பவரை வளர்ச்சிக்குக் குறுக்கே நிற்பவர் என்று ஒதுக்குவது முறையன்று.

எங்கள் மாணவர்கள் இப்போது கடையில் வாங்கிய மண்ணைப் பெட்டிகளில் நிரப்பிக் கீரை வளர்க்கிறார்கள். “ஆசிரியரே, எப்போது அந்த நிலத்தில் நடுவோம்?” என்று ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி கேட்டாள். “அந்த மண்ணின் சோதனை அறிக்கையை நீயும் நானும் சேர்ந்து படித்த பிறகு” என்றேன். அறிவியல் பாடத்தை அங்கிருந்தே தொடங்கலாம் என்று இருக்கிறேன்.