ஒரே பெண் என்பதால் அணியில் இடமில்லையா? சமீஹா பர்வீன் வழக்கு சொல்வது என்ன?

கன்னியாகுமரி மாவட்டம் கடையாலுமூட்டைச் சேர்ந்த சமீஹா பர்வீன், செவித்திறன் குறைபாடுள்ள நீளம் தாண்டுதல் வீராங்கனை. 2021 ஆகஸ்டில் போலந்தின் லுப்ளின் நகரில் நடந்த காது கேளாதோருக்கான உலகத் தடகளப் போட்டிக்குத் தகுதி பெற்றும், இந்திய அணியில் அவர் பெயர் இல்லை.

என்ன காரணம்?

தகுதி பெற்றவர்களில் இவர் ஒருவர்தான் பெண். ஒத்தப் பொண்ணை எப்படி அவ்வளவு தூரம் அனுப்புவது என்ற தயக்கம்தான். அவர் தாண்டிய தூரம் பேச்சிலேயே இல்லை.

பிறகு என்ன ஆனது?

வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அவரை அணியில் சேர்க்கச் சொன்னது நீதிமன்றம்.

இதில் என்ன சிக்கல்?

ஒரே ஒரு ஆண் தேர்வாகியிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. துணைக்கு ஒரு பெண் அலுவலரை அனுப்பினால் முடிகிற விஷயம். அதற்காக வீராங்கனையையே வீட்டில் உட்கார வைப்பதற்குப் பெயர் பாதுகாப்பு இல்லை.