தூளியை மட்டும் எடுத்துட்டுப் போனா போதாது

பட்டணத்துல குழந்தை பொறந்த வீடுகள்ல இருந்து எனக்கு வர்ற கேள்வி பெரும்பாலும் ஒண்ணுதான். "உங்க ஊர்ல சேலையில தூளி கட்டுவீங்களே, அதுதானே குழந்தைக்கு நல்லது? கடையில விக்கிற மரத்தொட்டிலெல்லாம் எதுக்கு?"ன்னு கேக்குறாங்க. கேக்குறப்பவே, நான் ஆமான்னு சொல்லிட மாட்டேனான்னு ஒரு ஆசை குரல்ல தெரியும். ஊர்க்காரன் நான், பழசை எல்லாம் தூக்கிப் பேசுவேன்னு நினைக்கிறாங்க போல.

எனக்கு தூளி மேல பிரியம் உண்டு. ஆனா பட்டணத்து வீட்டுல கட்டுற தூளியைப் பத்தி நாலு வார்த்தை சொல்லியே ஆகணும். சில பேருக்குப் பிடிக்காம போகலாம். குழந்தை உசுரு சம்பந்தப்பட்டதுங்கறதால சொல்றேன்.

முதல்ல, தூளி எங்க பக்கம் எப்படி இருந்துச்சுன்னு சொல்றேன். எங்க திருவாரூர் பக்கம் தூளி. விழுப்புரம், வேலூர் பக்கம் அதையே ஏணைன்னு சொல்வாங்க. அம்மாவோட பழைய நூல் சேலை, நல்லா துவைச்சுத் துவைச்சு நைஞ்சு மெத்துன்னு ஆனது. வீட்டுல உத்திரத்துல கட்டுவாங்க. நடவு நேரத்துல வயக்காட்டு வரப்போரம் பூவரசு மரத்துலயோ வேப்ப மரத்துலயோ கட்டிட்டு, தாய்க்காரி சேத்துல எறங்கிடுவா. படம் எடுக்க வர்றவங்க அந்தத் தூளியைத்தான் எடுப்பாங்க. பக்கத்துல உட்கார்ந்திருந்த ஆளைப் பெரும்பாலும் எடுக்க மாட்டாங்க.

பக்கத்துல ஒரு ஆள் எப்பவும் இருந்துச்சு. வெத்தலைப் பொட்டியோட ஒரு அப்பாயி, இல்லைன்னா எட்டு வயசு அக்கா ஒருத்தி. தூளியில கட்டுன கயித்தை கையில பிடிச்சுக்கிட்டோ, கால் கட்டைவிரல்ல மாட்டிக்கிட்டோ ஆட்டுவாங்க. ஆட்டுறது பாதி வேலைதான். மீதி வேலை பாக்குறது. சேலை முகத்துல ஒட்டியிருக்கா, எறும்பு ஏறுதா, வெயில் திரும்பிடுச்சா, நனைச்சிடுச்சா, தாடை நெஞ்சுல இடிக்கிற மாதிரி தலை கவுந்து கெடக்கான்னு அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் துணியை விலக்கிப் பாப்பாங்க. மூச்சு சத்தம் மாறுனா கை தானா உள்ள போகும். சும்மா உட்கார்ந்திருக்கிற மாதிரிதான் தெரியும். அன்னைக்குப் பூரா அவங்க செஞ்சது அந்த ஒரு வேலைதான்.

இதைப் பெருமையா மட்டும் சொல்லிட்டுப் போயிட முடியாது. அப்படித் தூளி ஆட்டுன அக்காமாருங்கள்ல பல பேர் அஞ்சாவதோட பள்ளிக்கூடத்தை விட்டவங்க. தம்பி தங்கச்சி நிம்மதியா தூங்குனதுக்கு அவங்க படிப்புதான் விலை. பழைய வாழ்க்கையைப் புகழ்றப்ப இதையும் கணக்குல எடுத்துக்கங்க.

இப்ப பட்டணத்துக்கு வாங்க. சீலிங்ல ஒரு கொக்கி, அதுல ஒரு ஸ்பிரிங், கீழ துணித்தூளி. வசதி இருக்கிறவங்க வீட்டுல மோட்டார் வெச்சது, சுவிட்ச் போட்டா தானா ஆடுது. ரூம் கதவு சாத்தியிருக்கு, ஏசி ஓடுது. அம்மா சமையக்கட்டுல, அப்பா லேப்டாப் முன்னாடி. சில வீட்டுல செல்போன்ல பாக்க கேமராவும் மாட்டியிருக்காங்க. கேமராவுக்கு தூளியோட வெளிப்பக்கத் துணிதான் தெரியும், உள்ள கெடக்கிற மூஞ்சி தெரியாது. குழந்தை தூங்குனாலும் மோட்டார் ஆட்டும், மூச்சுத் திணறுனாலும் அதே மாதிரிதான் ஆட்டும். ஊர்ல இருந்து சேலையை எடுத்துட்டுப் போனவங்க, பக்கத்துல உட்கார்ந்திருந்த ஆளை விட்டுட்டுப் போயிட்டாங்க. எனக்கு பயம் அங்கதான்.

டாக்டருங்க ஏன் தூளியைப் பத்தி யோசிக்கிறாங்கன்னும் சொல்றேன். மூணு நாலு மாசம் வரைக்கும் குழந்தைக்குக் கழுத்து நிக்காது. மூச்சுக்குழாய் ரொம்ப மெல்லிசு. தூளிக்குள்ள உடம்பு வில்லு மாதிரி வளைஞ்சு கெடக்குறப்ப, தலை முன்னால சாஞ்சு தாடை நெஞ்சுல அழுந்துச்சுன்னா மூச்சு போற வழி குறுகிப்போகும். பெரியவங்கன்னா திரும்பிப் படுத்துக்குவோம். பச்சக் குழந்தையால முடியாது, அழக்கூட முடியாது. இரண்டு பக்கமும் சேலை வேற முகத்தை மூட வரும்.

இது நம்ம ஊர் சேலைக்கு மட்டும் உள்ள குறையும் கிடையாது. அமெரிக்காவுல ஒரு பெரிய கம்பெனி, குழந்தையைச் சாய்வா படுக்க வைக்கிற தொட்டில் ஒண்ணு வித்துச்சு. குழந்தைகள் இறந்துபோன தகவல் வந்ததும் 2019ல 47 லட்சம் தொட்டிலைத் திரும்ப வாங்கிக்கிட்டாங்க. 2022ல அங்க சட்டமே போட்டுட்டாங்க, 10 டிகிரிக்கு மேல சாய்வு உள்ள எதையும் குழந்தை தூங்குறதுக்குன்னு விக்கக் கூடாதுன்னு. அவ்வளவு சோதனை பண்ணி விக்கிற நாட்டுலயே அந்த நிலைமைன்னா, நாம கட்டுற தூளியில எவ்வளவு கவனம் வேணும்னு யோசிச்சுக்கங்க.

அதனால என் கருத்து இதுதான். அழுற குழந்தையை அமத்துறதுக்கு, பகல்ல பக்கத்துலயே ஒரு ஆள் இருக்கிற நேரத்துக்கு தூளி இருக்கட்டும். நல்லா தூங்குனதும் எடுத்து தரையில போட்டுடுங்க. ராத்திரி தூக்கத்துக்குத் தூளி வேண்டவே வேண்டாம். வீட்டுல எல்லாரும் தூங்குறப்ப அதைப் பாக்க ஆள் கிடையாது.

தரையில எப்படிங்கறீங்களா? கோரைப்பாய் விரிச்சு, மேல ரெண்டு மடிப்பு நூல் துணி இழுத்துப் போட்டா போதும். குழந்தை மல்லாக்கத்தான் படுக்கணும். குப்புறப் போட்டா நல்லா தூங்கும்னு சொல்ற பெரியவங்க இன்னும் இருக்காங்க. 1994ல அமெரிக்காவுல "குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்க"ன்னு வீடு வீடா போய்ச் சேர்ற மாதிரி பிரசாரம் பண்ணாங்க. காரணமே தெரியாம தூக்கத்துல குழந்தைகள் இறந்துபோறது அதுக்கப்புறம் சில வருஷத்துல ஏறக்குறைய பாதியா குறைஞ்சுது. செலவில்லாத வைத்தியம், திருப்பிப் போட்டாங்க, அவ்வளவுதான்.

"மல்லாக்கப் படுத்தா பால் கக்கி மூச்சு அடைச்சுக்குமே"ன்னு பயப்படுவீங்க. எங்க ஊர்லயும் அந்த பயம் இருக்கு. மல்லாந்து படுக்குறப்ப மூச்சுக்குழாய் மேல இருக்கும், உணவுக்குழாய் கீழ இருக்கும். கக்குனாலும் பால் கீழ்ப்பக்கமா திரும்பிடும், குழந்தை முழுங்கிடும் இல்லைன்னா இருமித் துப்பிடும். பால் குடுத்ததும் தோள்ல போட்டு ஏப்பம் வர வெச்சு அப்புறம் படுக்க வையுங்க. குறைமாசத்துல பொறந்த குழந்தை, வேற நோவு உள்ள குழந்தைன்னா உங்க டாக்டர் சொல்றதைக் கேளுங்க.

கடையில மரத்தொட்டில் வாங்குறவங்களுக்கும் ஒரு வார்த்தை. தொட்டில் நல்லதுதான். அதுக்குள்ள நீங்க போடுற சாமான்தான் ஆபத்து. சுத்தி வர மெத்து மெத்துன்னு அணை, அமுங்குற இலவம்பஞ்சு மெத்தை, தலை உருண்டையா வரணும்னு கடுகுத் தலையணை, பொம்மை நாலு, மேல கனத்த போர்வை. எதுவும் வேண்டாம். மெத்தை கெட்டியா இருக்கணும், கையை வெச்சு அழுத்தி எடுத்தா பள்ளம் நிக்கக் கூடாது. கம்பிக்கும் கம்பிக்கும் நடுவுல 6 சென்டிமீட்டருக்கு மேல இடைவெளி இருக்கக் கூடாது. கூல்டிரிங்க்ஸ் டின் உள்ள நுழைஞ்சா அந்தத் தொட்டில் வேண்டாம்னு அர்த்தம். தூங்குறப்ப கழுத்துல கயிறு, பாசிமணி எதுவும் இருக்கக் கூடாது. வசம்பு மணி போட்டே ஆகணும்னு பாட்டி சொன்னா, முழிச்சிருக்கிற நேரத்துல கொஞ்ச நேரம் போட்டுட்டு கழட்டிடுங்க. கொசுவுக்குக் கொடை மாதிரி விரியுற வலை போதும். மூடுன ரூம்ல கொசுவத்தியும் சாம்பிராணிப் புகையும் அந்தப் பிஞ்சு நெஞ்சுக்கு ஆகாது.

நம்ம அரசாங்க ஆஸ்பத்திரியில பிரசவம் ஆனவங்களுக்கு 2015ல இருந்து 16 பொருள் உள்ள பெட்டகம் குடுத்தாங்க. குழந்தைக்குச் சின்ன மெத்தையும் கொசுவலையும் அதுல இருந்துச்சு. ஏழை வீட்டுக்குன்னு குடுத்தது அவ்வளவுதான், குழந்தை தூங்குறதுக்குத் தேவையும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

அப்பாவும் அம்மாவும் பக்கத்துல அதே ரூம்ல படுக்குறது நல்லது. ஆனா குடிச்சிட்டு வர்ற ஆளைக் குழந்தை பக்கத்துல படுக்க விடாதீங்க. அப்பனா இருந்தாலும் சரி, தாத்தனா இருந்தாலும் சரி. சோபாவுல நெஞ்சு மேல போட்டுக்கிட்டு தூங்கிப்போறதும் ஆபத்து.

இன்னொரு விஷயம், இதை எல்லாரும் மறந்துடுறாங்க. தூளியால ஆபத்து கைக்குழந்தைக்கு மட்டும் இல்லை. தம்பிக்குக் கட்டுன தூளியில ஏறி சுத்தி விளையாடுற ஏழு எட்டு வயசுப் பிள்ளைங்க கழுத்துல சேலை முறுக்கி இறந்துபோற செய்தி பேப்பர்ல அடிக்கடி வருது. சேலை முறுக்க ஆரம்பிச்சா பிள்ளையால தானா பிரிக்க முடியாது, சத்தமும் வெளிய வராது. மாடு வளக்குறவங்களுக்கு இது புரியும். கன்னுக்குட்டியை நீளக் கயித்துல கட்டிட்டு யாரும் வெளியூர் போக மாட்டோம், சுத்திக்கிட்டா முடிஞ்சுது. காலித் தூளியை ஆட்டக்கூடாது, குழந்தைக்கு வயித்து வலி வரும்னு எங்க பக்கம் சொல்வாங்க. வயித்து வலிக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கிறதா எனக்குத் தோணலை. ஆனா அந்த பயத்தால காலித் தூளிகிட்ட பிள்ளைங்க போகாம இருந்துச்சு. நீங்க ஒரு படி மேல போங்க. குழந்தையை எடுத்ததும் சேலையைத் தூக்கி மேல முடிஞ்சு போடுங்க, இல்லைன்னா அவுத்தே வெச்சிடுங்க.

கட்டித்தான் ஆகணும்னா ஒழுங்கா கட்டுங்க. நூல் சேலைதான், பாலியஸ்டர் வேண்டாம். அது வழுக்கும், முடிச்சு நிக்காது, காத்தும் போகாது. கொக்கியில ஒரு பெரிய ஆள் தொங்கிப் பாத்துட்டு அப்புறம் குழந்தையைப் போடுங்க. தரைக்கும் தூளிக்கும் ஒரு முழத்துக்கு மேல உயரம் வேண்டாம், கீழ ஒரு கனத்த விரிப்பு கெடக்கட்டும். நடுவுல தொட்டில்கட்டை வெச்சு சேலையை அகட்டி விடுங்க, முகம் வெளிய தெரியணும். சேலை கிழிஞ்சிருக்கா, முடிச்சு இறங்கியிருக்கான்னு தினம் பாருங்க. குழந்தை தானா புரள ஆரம்பிச்ச அன்னையோட தூளியை மூட்டை கட்டிடுங்க.

கிராமத்துல எல்லாம் சரியா இருக்குன்னு நினைச்சுக்காதீங்க. இங்கயும் அப்பாயி நூறு நாள் வேலைக்குப் போயிடுறாங்க, அக்கா பள்ளிக்கூடம் போயிடுறா. அக்கா போறது நல்ல விஷயம், அவ போகத்தான் வேணும். அப்ப குழந்தையை யார் பாக்குறதுங்கற கேள்வி எங்களுக்கும் இருக்கு. 2005ல வந்த நூறு நாள் வேலைச் சட்டத்துல இதுக்கு ஒரு வழி எழுதியிருந்தாங்க. வேலை நடக்கிற இடத்துல ஆறு வயசுக்குக் கீழ அஞ்சு குழந்தைங்களோ அதுக்கு மேலயோ இருந்தா, வந்திருக்கிற பெண்கள்ல ஒருத்தரைப் பிள்ளைகளைப் பாக்க விடணும், அவங்களுக்கும் அதே கூலி. மண்ணு வெட்டுறது மாதிரி பிள்ளை பாக்குறதும் வேலைதான்னு சட்டமே ஒத்துக்கிட்டது எனக்குப் பிடிச்சுது.

உங்க வீட்டுலயும் அதை ஒத்துக்கங்க. 2017ல இருந்து சம்பளத்தோட 26 வாரம் பேறுகால லீவு கிடைக்குது, கம்பெனியில வேலை பாக்குற அம்மாவுக்கு. அதுக்காக ஒரே பொம்பளை ராத்திரி பகல் கண்ணு முழிக்கணும்னு இல்லை. அப்பாவும் முறை வெச்சுக்கணும், எங்க ஊர்ல வாய்க்கா தண்ணிக்கு முறை வெச்சுக்கிற மாதிரி. ஊர்ல இருக்கிற அப்பாயியையோ அம்மாச்சியையோ வரவழைக்கிறீங்கன்னா, டிக்கெட் மட்டும் போடாதீங்க. முட்டி வலியோட தரையில உக்காந்து எந்திரிக்க அவங்களால முடியுமா, பகல்ல ரெண்டு மணி நேரம் அவங்களுக்குத் தூக்கம் உண்டான்னும் பாருங்க.

தூளி நல்லதா, கடைத்தொட்டில் நல்லதான்னு இனிமே யாராவது கேட்டா, பக்கத்துல யார் உட்காரப் போறாங்கன்னுதான் நான் திருப்பிக் கேப்பேன். அதுக்குப் பதில் இல்லைன்னா, கோரைப்பாயை விரிச்சு குழந்தையை மல்லாக்கப் போடுங்க. அதுக்கு அதுவே நல்ல தூக்கம்.