தாளம் தப்பும் இருதயம்

இருதயத்தின் மேலறைகள் தாளம் தப்பிப் படபடத்தால் ரத்தம் அங்கே தேங்கி உறையும். அந்தக் கட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம்தான்!

இந்தப் படபடப்பு கிளம்புவது எங்கிருந்து? பிரான்ஸ் தேசத்துப் போர்டோ நகர நிபுணர் மிஷேல் ஹைசகேர் குழுவினர் 45 நோயாளிகளைச் சோதித்து, 1998-ல் விடை சொன்னார்கள். கண்டறிந்த 69 இடங்களில் 65, நுரையீரலிலிருந்து இருதயத்துக்கு வரும் ரத்தக் குழாய்களுக்குள் இருந்தன! மெல்லிய குழாயை உள்ளே செலுத்தி அவ்விடங்களைச் சுட்டார்கள். 28 பேருக்கு, அவர்களைக் கவனித்துவந்த மாதங்களில், நோய் திரும்பவில்லை.

ஆனால் சூடு மிஞ்சினால், அருகிலுள்ள உணவுக் குழாய்க்கு ஆபத்து. 2023 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா அனுமதித்த முறையில், சூட்டுக்குப் பதில் மின் துடிப்பே வேலையை முடிக்கிறது. பெரிய முன்னேற்றந்தான். அதற்காக, ரத்தம் உறையாதிருக்கத் தரும் மாத்திரையை நோயாளி தாமாகவே நிறுத்திவிடலாகாது. படபடப்பு, சொல்லாமலே திரும்பி வரக்கூடியது.