சும்மா இருந்தாலும் சாப்பாடு!

2018 நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் அடித்ததே, நினைவிருக்கிறதா? பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் பல கிராமங்கள் வாரக் கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்படிப்பட்ட சமயத்தில், "விளக்கு, விசிறி எல்லாம் நிறுத்தியாயிற்று, பாட்டரி பத்திரம்" என்று இருந்துவிடாதீர்கள், நேயர்களே!

உழவில்லாத நாளிலும் மாடு வைக்கோல் தின்கிறதல்லவா? இன்வெர்ட்டரும் அப்படித்தான். பாட்டரி மின்சாரத்தை 220 வோல்ட்டாக மாற்றித் தயாராக வைத்திருப்பதற்கே பல வீட்டு இன்வெர்ட்டர்கள் 10 முதல் 20 வாட் வரை விழுங்கும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பாட்டரியில் உள்ளது 1,800 வாட்-மணி. 15 வாட் என்று வைத்துக்கொண்டால், ஒரு பல்புகூட எரியாமல் ஐந்தே நாளில் காலி! பழைய பாட்டரியானால் அதற்கும் முன்பே.

ஒரு மணி நேர மின்வெட்டுக்கு இந்தக் கணக்கு வேண்டாம். நாள் கணக்கானால், பகலில் தேவையில்லாதபோது இன்வெர்ட்டரின் ஸ்விட்சையே அணைத்து வையுங்கள். ராத்திரி விளக்குக்கு மிஞ்சும்.